வருகைப் பதிவேட்டில் நாற்பது கையெழுத்து

கேள்வி: சமூகப் பணியில் முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்துவிட்டு, சென்னைக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் காசநோய்ப் பணி செய்யும் தொண்டு நிறுவனத்தில் சமூகத் தொடர்பு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். ஏழு மாதம் ஆகிறது. என் கீழ் மூன்று களப்பணியாளர்கள். மாதம் எட்டுக் கூட்டம், கூட்டத்துக்கு நாற்பது பேர் என்று இலக்கு. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அவர்களும் "என்ன தருவீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். "பதிவேட்டை எப்படியாவது நிரப்புங்கள்" என்கிறார் மேலாளர். தன்னைக் கேட்காமல் கூட்டம் வைக்கக் கூடாது என்கிறார் பகுதித் தலைவர் ஒருவர். நான்காவது மாடியில் ஒரு பெண் இரண்டு மாதத்தோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் போனால் கதவைத் திறப்பதில்லை. ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இந்த வேலைக்கு நான் பொருத்தமானவள்தானா? விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடலாமா என்பதைக் கடைசியில் பேசலாம். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு விவரம்தான் எனக்கு முதலில் உறுத்தியது: காலை பதினொரு மணி.

குடியிருப்பின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. கண்ணகி நகரோ, செம்மஞ்சேரியோ, பெரும்பாக்கமோ, எதுவாக இருந்தாலும் பதினொரு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசைகட்டி நிற்கும் ஐ.டி. நிறுவனங்களில் தரை துடைக்கவும் கழிப்பறை கழுவவும் போகிற பெண்கள் காலையிலேயே வேன் ஏறிவிடுவார்கள். வீட்டு வேலை செய்கிறவர்களில் பலர் இன்னும் தங்கள் பழைய இடத்துக்கே, மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும், பஸ் பிடித்துப் போய்வருகிறார்கள். ஆண்கள் பெயிண்ட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போயிருப்பார்கள். மிஞ்சுகிறவர்கள் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வேலை கிடைக்காத சில இளைஞர்கள். இந்த நிலையில் பன்னிரண்டு பேர் வந்ததே பெரிது. மக்களுக்கு அக்கறை இல்லை என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். அவர்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, மாலை ஏழரைக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஏழரைக்கு அதே பெண்கள் அடுப்பு முன்னால் நிற்பார்கள். ஆகவே கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டு, ஆட்கள் ஏற்கெனவே நிற்கிற இடங்களுக்கு நீங்கள் போங்கள். தண்ணீர் பிடிக்கிற இடம், ரேஷன் கடை வரிசை, ஷேர் ஆட்டோ நிறுத்தம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கட்டு. படிக்கட்டுத் திருப்பத்தில் ஆறு பேரோடு உட்கார்ந்து பேசும் இருபது நிமிடம், சமுதாயக் கூடத்தில் மைக் பிடித்துப் பேசும் ஒன்றரை மணி நேரத்தைவிட மேல். மைக் முன்னால் யாரும் தனக்கு இருமல் என்று சொல்வதில்லை. படிக்கட்டில், மற்றவர்கள் எழுந்து போன பிறகு, ஒருத்தி மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்பாள். "எங்கள் மாமியாருக்கு மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை" என்பாள். பல நேரம் அந்த மாமியார் அவளேதான். எடை குறைந்திருக்கிறதா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, இரவில் வியர்க்கிறதா என்று மாமியாரைப் பற்றியே கேட்டுக்கொண்டு போங்கள். பரிசோதனைக்குச் சளி எடுக்கும் டப்பாவையும் மாமியாருக்கென்றே கொடுத்தனுப்புங்கள்.

"என்ன தருவீர்கள்?" என்ற கேள்வி உங்களைப் புண்படுத்தியிருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அது நியாயமான கேள்வியாகப் படுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு வந்தவர்களும், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து வந்தவர்களும், எல்லாருமே கணக்கெடுக்கப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, கைரேகை வைத்து வந்தவர்கள். வந்த பிறகும் கல்லூரி மாணவர்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வாளர்கள் என்று கேள்வித்தாளோடு ஏறி இறங்கியவர்களுக்குக் கணக்கில்லை. அத்தனை பேரும் அவர்களிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போனார்கள். நீங்கள் அடுத்த ஆள்.

ஆனால் உங்களிடம் கொடுப்பதற்கு இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு பணம் தருகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது; 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். இது நேரே வங்கிக் கணக்குக்குப் போகிற பணம். கணக்கே இல்லாதவர், கணக்கு முடங்கிக் கிடப்பவர், ஆதாரில் பழைய முகவரியும் பழைய போன் எண்ணும் வைத்திருப்பவர், இவர்களுக்கெல்லாம் எங்கோ ஓரிடத்தில் அது மாட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் பட்டியலில் எத்தனை பேருக்குப் பணம் வந்து சேரவில்லை என்று பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால் நாளைக் காலை அதிலிருந்து தொடங்குங்கள். வங்கிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் கணக்கை உயிர்ப்பித்துக் கொடுப்பது எந்தத் துண்டுப் பிரசுரத்தையும்விட அந்த பிளாக்கில் வேகமாகப் பரவும்.

அதோடு நிற்காது. மகளிர் உரிமைத் தொகை ஏன் நின்றது, ரேஷன் அட்டையில் மருமகள் பெயரை எப்படிச் சேர்ப்பது, வீட்டு ஒதுக்கீட்டு ஆணை இன்னும் இறந்துபோன கணவர் பெயரிலேயே இருக்கிறதே என்று வரிசையாகக் கேட்பார்கள். அது நம் வேலை இல்லை என்பார் மேலாளர். அது உங்கள் வேலைதான். வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென்று ஒதுக்கி, இ-சேவை மையம் எங்கே, எந்த மனு யாரிடம் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கண்ணகி நகர் சென்னை மாநகராட்சிக்குள் வருகிறது. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. வீடுகளோ இரண்டு இடத்திலும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையவை. (1970-ல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்து 2021-ல் பெயர் மாறியது, மக்கள் வாயில் இன்றும் அது 'ஹவுசிங் போர்டு'தான்.) குப்பைக்கு ஓர் அலுவலகம், லிஃப்டுக்கு வேறோர் அலுவலகம். எதை எங்கே கேட்பது என்று தெரியாமல் மக்களை அலையவிட்டால், உங்களுக்கும் கேள்வித்தாள்காரர்களுக்கும் வித்தியாசம் இருக்காது. ஒன்று மட்டும்: முடியும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "வியாழக்கிழமை விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை போங்கள், காரியம் நடக்காவிட்டாலும் போங்கள்.

பகுதித் தலைவரைப் பற்றி. அவர் எந்தப் பகுதியின் தலைவர் என்று விசாரித்தீர்களா? இந்தக் குடியிருப்புகள் பழைய குடிசைப் பகுதிகளைப் போலத் தாமாக வளர்ந்தவை அல்ல. கூவக்கரைக்காரர், அடையாற்றங்கரைக்காரர், நடைபாதையில் இருந்தவர், கடற்கரைக் குப்பத்தவர் என்று ஒரே மாடியில் நான்கு ஊர் இருக்கும். பழைய இடத்தில் தலைவராக இருந்தவரின் சொல் அவரோடு வந்த குடும்பங்களுக்குள் மட்டும்தான் செல்லும். எதிர் வீட்டுக்காரர் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும். பெரிய வெள்ளைத் தாளில் பிளாக் வாரியாக, மாடி வாரியாக யார் எங்கிருந்து எந்த ஆண்டு வந்தார்கள் என்று களப்பணியாளர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். அதை முடிக்கும்போது, நீங்கள் 'சமூகம்' என்று நினைத்திருந்தது பதினைந்து இருபது சிறு கூட்டங்கள் என்று தெரியவரும். ஒவ்வொன்றிலும் ஒருத்தி இருப்பாள். பிரசவ வலி எடுத்தால் நள்ளிரவில் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். உங்களுக்கு வேண்டிய ஆள் அவள்.

அதற்காகத் தலைவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் போய், "நாளைக்கு இன்ன இடத்தில் பேசுகிறோம்" என்று தகவலாகச் சொல்லுங்கள். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம். ஏதாவது சின்ன உதவி கேளுங்கள்: கூடத்துச் சாவி, நான்கு நாற்காலி. பெரும்பாலானவர்களுக்கு அந்த மரியாதை போதும். அவர் வீட்டு வாசலில் மட்டும் கூட்டம் வைக்காதீர்கள், கட்சிக் கொடி கட்டிய இடத்திலும் வேண்டாம். பாதிப் பேர் அதன் பிறகு உங்கள் பக்கம் வரமாட்டார்கள்.

இனி அந்த நான்காவது மாடிப் பெண்.

நிறுவனத்தின் பெயர் அச்சடித்த கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாகத்தான் அவர் கதவைத் தட்டினீர்களா? இருபுறமும் எதிரெதிரே கதவுகள் உள்ள தாழ்வாரம் அது. டிபி கோட்டு வந்து நின்றது என்பது நீங்கள் கீழே இறங்குவதற்குள் கீழ்த்தளம் வரை போய்விடும். இந்தக் குடியிருப்புகளின் முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்பட்ட கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த முகவரியோடு நோயின் பெயரும் சேர்ந்து, அவர் சமையல் வேலை பார்க்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அடுத்த மாதச் சம்பளம் இல்லை. கதவைத் திறக்காதது அவர் கணக்கில் சரியான முடிவு. இன்றைக்கே கோட்டைக் கழற்றிவிடுங்கள். அவர் வீட்டுக்குப் போவதையும் நிறுத்துங்கள். சிகிச்சை முடித்துக் குணமான பெண்கள் யாராவது உங்கள் பட்டியலில் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை இவரோடு பேசவையுங்கள். நோயாளியின் பெயரையும் வீட்டையும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பெயர் சொல்லாமலே சுகாதார நிலையத்திலோ, வேறு பிளாக்கிலோ, நோயாளி சம்மதித்த இடத்தில் சந்திப்பு அமையட்டும். அந்தச் சம்மதத்தை வாங்க ஒரு போன் அழைப்பு போதும், அதுவும் அவர் வேலையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருக்கும் நேரம் அல்ல.

பேசக் கிடைத்தால் மாத்திரையைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், முதல் சாப்பாடு எப்போது என்று கேளுங்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றில் மாத்திரைகளை விழுங்கிவிட்டு வேன் ஏறி, வழியெல்லாம் குமட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், உடம்பு தேறிவிடும். நன்றாக இருக்கிற உடம்புக்கு இன்னும் நான்கு மாதம் மருந்து எதற்கு என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காரணம் எதுவென்று தெரிந்தால் பாதி வழி வந்தாயிற்று. மீதி மருத்துவருடையது. விட்ட இடத்திலிருந்து தாமாகவே தொடரச் சொல்லாதீர்கள். இடைவெளி விட்டவருக்குச் சளியை மறுபடி சோதித்து, மருந்துக்கு எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். கண் மஞ்சளாக இருந்தால், வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே அழைத்துப் போகவேண்டும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள், பலமுறை அது விட்டுப்போகும்.

தமிழ்நாட்டில் 2022-லிருந்து 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடக்கிறது. உடல் எடை மிக மோசமாகக் குறைந்தவர், மூச்சு வாங்குகிறவர், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாதவர் ஆகியோரை ஆரம்பத்திலேயே இனம்கண்டு மருத்துவமனையில் சேர்ப்பதுதான் அதன் சாரம். இதில் மூன்றாவதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். வாசலில் நிற்கிற உங்கள் களப்பணியாளரின் கண் போதும். லிஃப்ட் ஓடாத பிளாக்கில் மாடியை விட்டு இறங்கவே முடியாமல் கிடக்கிறவர் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார், எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடமாட்டார். இறக்கிறவர்கள் பெரும்பாலும் அவர்களிலிருந்துதான்.

வீடு தேடிப் போகிற இந்த வேலை யாருடைய கருணையிலும் பிறந்ததல்ல, அதற்கு வலுவான சான்று இருக்கிறது, அதுவும் நம் சென்னையிலேயே. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், நல்ல உணவும் ஓய்வுமாக வைத்தது. இன்னொரு பிரிவை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே விட்டு மருந்து கொடுத்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் முடிவு வெளியானபோது, சானடோரியங்களின் காலம் உலகம் முழுக்க முடிவுக்கு வரத் தொடங்கியது. அந்த முடிவைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள்: முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணிப் பார்த்த, சிறுநீரைச் சோதனைக்கு எடுத்துவந்த ஊழியர்கள். மாத்திரையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்த ஆய்வு என்ன ஆகியிருக்கும்?

படம் எடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எடுக்கச் சொல்லாத நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. உணவுப் பொட்டலம் கொடுப்பவர்கள் நோயாளியோடு நின்று படம் எடுத்து வாட்ஸாப்பில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் திட்டத்தில் அதை நிறுத்துங்கள். கொடுக்கிற கை, பொட்டலம், இரண்டும் தெரிந்தால் நன்கொடையாளருக்குப் போதும். முகம் வேண்டாம், சம்மதம் தந்தாலும் வேண்டாம். பொட்டலத்தைக் கையில் வாங்கும் நேரத்தில் யாரால் மறுக்க முடியும்?

பதிவேட்டுக்கு வருகிறேன். இல்லாத கையெழுத்தைப் போடாதீர்கள், களப்பணியாளர்களையும் போடவிடாதீர்கள். நிதி தருகிறவர்களின் தணிக்கையாளர் ஒருநாள் பட்டியலில் உள்ள போன் எண்களைக் கூப்பிட்டுப் பார்ப்பார். அப்போது 'எப்படியாவது' என்று வாய்மொழியாகச் சொன்னவர் எங்கும் இருக்கமாட்டார், அடியில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது. அது உங்கள் நலன் சார்ந்த காரணம். மக்கள் சார்ந்த காரணம் வேறு: நாற்பது பேர் வந்ததாக நீங்கள் எழுதினால், பதினொரு மணிக் கூட்டம் வெற்றி என்று அலுவலகம் நம்பும். அடுத்த ஆண்டுத் திட்டத்திலும் அதே பதினொரு மணி இருக்கும், வேன் ஏறிப் போன பெண்கள் மறுபடியும் விடுபடுவார்கள். ஆகவே மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், சண்டையாக இல்லாமல். வந்தவர்கள் பன்னிரண்டு, வராததன் காரணம் இது, எட்டுப் பெரிய கூட்டத்துக்குப் பதில் இத்தனை படிக்கட்டுச் சந்திப்புகள் நடத்த அனுமதி வேண்டும், அவற்றிலிருந்து பரிசோதனைக்குப் போனவர்கள் இத்தனை பேர் என்று ஒவ்வொரு மாதமும் கணக்குத் தருகிறேன் என்று அதில் எழுதுங்கள். மேலாளரும் யாருக்கோ கணக்குக் கொடுக்கிறவர்தான். கையில் பிடித்துக்கொண்டு மேலே பேச அவருக்கு ஒரு தாள் வேண்டும், அதை நீங்கள் எழுதிக் கொடுங்கள். அதன் பிறகும் பொய்க் கையெழுத்துதான் வேண்டும் என்றால் மார்ச் வரை காத்திருக்கத் தேவையில்லை, விலகிவிடுங்கள்.

மாலை நேரச் சந்திப்புக்கு இரண்டு பேராகப் போங்கள், எந்த பிளாக் என்று குழுவில் போட்டுவிட்டுப் போங்கள். சிகிச்சை தொடங்காதவரின் மூடிய அறைக்குள் உட்காராதீர்கள். காற்று வருகிற இடத்தில், என்-95 முகக்கவசத்தோடு. உங்களுக்கே இரண்டு வாரம் இருமல் நீடித்தால் கூச்சப்படாமல் சளியைக் கொடுத்துவிடுங்கள்.

பொருத்தமானவளா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் போனைப் பாருங்கள். அந்தக் குடியிருப்பிலிருந்து காசநோய்க்குத் தொடர்பே இல்லாத எதற்காவது, பள்ளிக்கூடச் சேர்க்கைக்கோ, கணவன் அடித்தான் என்றோ, மூன்று நான்கு பேராவது உங்களை அழைத்திருக்கிறார்களா? அழைத்திருந்தால் நீங்கள் பொருத்தமானவர்தான், இலக்கு என்ன சொன்னாலும். ஏழு மாதத்தில் ஒருவரும் அழைக்கவில்லை என்றால், மேலே சொன்னதை மூன்று மாதம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்பதை ஜனவரியிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கூடவே நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் சமுதாய அமைப்பாளர், மாவட்டக் காசநோய் மையத்தின் ஒப்பந்தப் பணியிடங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கவனித்துவாருங்கள். கிளம்புவது உறுதியானால், பிப்ரவரியில் சிகிச்சையின் நடுவில் இருக்கும் ஒவ்வொருவரையும் சுகாதார நிலையத்துக் காசநோய்ப் பணியாளரிடம் நேரில் அறிமுகப்படுத்தி ஒப்படைத்துவிடுங்கள். மாடி வாரியான அந்தத் தாளை அடுத்து வருகிறவருக்கு விட்டுச்செல்லுங்கள். அதில் நோயாளிகளின் பெயர் எங்கேயாவது குறித்திருந்தால் முதலில் அதை அழித்துவிடுங்கள்.